தாத்தாவின் மடக்குக் கத்தியைத் தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரிக்கு வேலைக்கு வந்துபோகும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற உங்கள் தாய்வழித் தாத்தா விட்டுச்சென்ற மடக்குக் கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா, அதைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் எல்லையைத் தாண்டினால் போலீஸ் தொல்லை வருமா, இதுபோன்ற கத்திகளைச் சேர்க்க விரும்பினால் எதிலிருந்து தொடங்குவது என்பவை அவை. மூன்றையும் சேர்த்துப் படித்தபோது அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது: ஒரே பொருளை நினைவுச் சின்னமாகவும் கைக்கருவியாகவும் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்பது என் பதில். நம் கடற்கரையைப் பொறுத்தவரை அதுவே நல்ல வழி என்றும் சொல்வேன். பையில் கிடந்து தேய்ந்த கத்திகளைவிடப் பெட்டியில் பூட்டிவைத்துக் கெட்டுப்போன கத்திகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையின் கருவிப் பட்டறையில் எஃகுக்குப் பதம் ஏற்றும் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். ஆகையால் எஃகு, துரு, கூர் ஆகியவை பற்றி உறுதியாகப் பேசுவேன். பழைய மடக்குக் கத்திகளைச் சேர்ப்பது இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம். அதில் ஏமாந்தும் கற்றிருக்கிறேன். சட்டத்தைப் படித்தவன் அல்லன். அதில் எழுத்தில் உள்ளதை மட்டும் சொல்வேன். சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் அன்றைக்கு அதை எப்படிப் பார்ப்பார் என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

உங்கள் கத்தியிலிருந்தே தொடங்கலாம். மரப்பிடி, பிடியின் தலைப்பில் ஓர் உலோகப் பூண், அலகில் கிரீடத்துக்குக் கீழே ஆசி வழங்குவது போல் உயர்ந்த ஒரு கை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கைமுத்திரை ஒப்பினெல் கத்தியுடையது, அதில் சந்தேகமில்லை. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ழோசெஃப் ஒப்பினெல் என்ற இளைஞர் 1890இல் செய்யத் தொடங்கிய குடியானவர் கத்தி இது. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகள் வந்தன. 1, 11 ஆகிய இரண்டும் பிறகு கைவிடப்பட்டன. 1909இல் பதிவான அந்தக் கை, அருகிலுள்ள சேன்-ழான்-த-மோரியென் ஊரின் சின்னத்திலிருந்து எடுக்கப்பட்டது. அலகைத் திறந்த நிலையில் பூட்டும் சுழல்வளையம் 1955இல்தான் சேர்க்கப்பட்டது. மடக்கிய நிலையிலும் பூட்டும்படி அது திருத்தப்பட்டது 2000இல். உங்களுடையதில் வளையமே இல்லை என்கிறீர்கள். அது 1955க்கு முந்தியதாக இருக்கலாம், வளையம் எங்கோ கழன்று விழுந்ததாகவும் இருக்கலாம், வளையம் பொருத்தப்படாத சின்ன அளவுகளில் ஒன்றாகவும் இருக்கலாம். நீங்கள் இணைத்திருக்கும் படத்தில் பூண் பக்கம் நிழலாக இருப்பதால் எது என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பத்து வீடுகளில் இவ்வகைக் கத்தி கிடைப்பது புதுச்சேரியில் அதிசயமில்லை. ஓய்வூதியத்தோடும் பதக்கங்களோடும் திரும்பியவர்கள் பாக்கு நறுக்கவும் பழம் அரியவும் இதையும் கொண்டுவந்தார்கள். முத்தியால்பேட்டையில் ஒரு பெரியவரின் வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் இது கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அலகு திறக்கவே மறுக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் துரு மட்டும் காரணமாக இருக்காது. ஒப்பினெல் பிடி பெரும்பாலும் பீச் மரத்தால் ஆனது. ஈரக்காற்றில் அது ஊதி, அலகு மடங்கி உட்காரும் வெட்டுவாயின் இரு சுவர்களும் அலகை இறுக்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் மரக்கதவு சட்டத்தில் மாட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். இடுக்கியால் பிடித்து இழுத்துவிடாதீர்கள். அலகின் முதுகில் பல்தடம் விழும், அதை எந்த மருந்தும் மாற்றாது. மின்விசிறிக் காற்றில் நான்கைந்து நாட்கள் வையுங்கள். வெயிலில் வைத்தால் பிடி வெடிக்கும். பிறகு அலகு திரும்பும் ஆணி இருக்கும் இடத்தில் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் பொறுங்கள். அதன்பின் சவோய்க்காரர்கள் செய்வதுபோல், பிடியின் அடிமுனையை மரப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானாகச் சற்று வெளியே எட்டிப் பார்க்கும், நகத்தால் எடுத்துவிடலாம்.

அடுத்தது பளபளப்பு. இதில் என் பதில் தயக்கமற்றது: செய்யாதீர்கள். உங்கள் தாத்தாவின் அலகு கரிமம் மிகுந்த சாதாரண எஃகு. அந்த வகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.9 பங்கு கரிமம் இருக்கும், குரோமியம் பெயருக்குத்தான். அதன்மேல் இரண்டு விதமான நிறமாற்றம் வரும். செம்பழுப்பாய்ப் பொருக்குத் தட்டி விரலில் ஒட்டுவது துரு. அது எஃகைத் தின்றுகொண்டே போகும். கருநீலமாகவோ சாம்பலாகவோ மழமழவென்று படிந்திருப்பது வேறு. அது காலம் போட்ட கறுப்பு. மாங்காய், வாழைப்பூ, கொய்யா, பாக்கு ஆகியவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறை அதில் பெரும்பங்கு. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அதே வினைதான் அலகின் மேலும் நடக்கிறது. அந்தக் கத்தியின்மேல் உங்கள் தாத்தா ஐம்பது ஆண்டுகளாக மை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுகப் படிந்த அந்தப் படலம் புதுத் துரு ஏறும் வேகத்தைக் குறைக்கவும் செய்யும், ஆனால் அதுவே முழுக்காப்பு ஆகிவிடாது. எனவே சிவப்பை மட்டும் எடுங்கள். எண்ணெய் தொட்ட அலுமினியத் தாளைக் கசக்கி, பொறுமையாக வட்டமாகத் தேய்த்தால் போதும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்க்கச் சொல்லும் உறவினர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். புளியின் அமிலம் எஃகை அரித்துப் புள்ளி விழச் செய்யும், செங்கல்பொடி முத்திரையைத் தேய்த்துவிடும். முத்திரை போன பிறகு அது எந்தக் கத்தி என்று சொல்ல யாராலும் முடியாது.

பெட்டியைப் பற்றி மேலே சொன்னேன். அது சொந்த இழப்பிலிருந்து வந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, என் சேகரிப்பில் நல்லவை என்று நான் கருதிய ஏழு கத்திகள் ஒரு தோல் சுருளில் கட்டப்பட்டு இரும்பு அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. மின்சாரம் வர நாள்கணக்கில் ஆயிற்று. விழுந்த முருங்கையையும் வேம்பையும் அப்புறப்படுத்துவது, கூரைக்குத் தார்ப்பாய் கட்டுவது என்று ஓடிக்கொண்டிருந்ததில் அலமாரியை யார் நினைத்தார்கள்? மூன்று வாரம் கழித்துச் சுருளை அவிழ்த்தால், ஏழில் ஐந்து அலகுகளில் தோலின் தடம் அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. அதே மூன்று வாரமும் என் இடுப்பில் இருந்து கயிறு அறுத்த, ஈரம் குடித்த, இரவுதோறும் வேட்டி முனையால் துடைக்கப்பட்ட எண் 8 ஒப்பினெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் கையில் எடுப்பவன் தினமும் பார்க்கிறான். துரு ஓர் இரவில் தொடங்குமே ஒழிய ஓர் இரவில் முடிவதில்லை.

தோல் அழகானதுதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்புகளும் அமிலங்களும் அதில் தங்கியிருக்கும். அதில் வைத்து எடுத்துச்செல்லலாம், வைத்து மறக்கக் கூடாது. சேமிப்புக்குப் பருத்தித் துணி, காற்றுப்புகாத டப்பா, அதனுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் என்பதே நான் இப்போது செய்வது. பூசுவதற்கு நல்லெண்ணெய் வேண்டாம், சில மாதங்களில் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் தினமும் துடைப்பவருக்குப் பரவாயில்லை. உணவு நறுக்கும் கத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் எல்லாவற்றிலும் ஏற்றது. சிக்கு வாடை வராது, உடம்புக்கும் கெடுதல் இல்லை. துருப்பிடிக்காத எஃகு வாங்கிவிட்டால் இந்த வேலையெல்லாம் இல்லையே என்று கேட்பீர்கள். பெருமளவு உண்மை, ஆனால் கடலோரத்தில் முழு உண்மை அல்ல: குரோமியம் கட்டும் மெல்லிய காப்புப்படலத்தை உப்பிலுள்ள குளோரைடு ஊசிமுனை போல் ஓட்டையிடும், கறை பரவாமல் குழி ஆழமாக இறங்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆயுத பூசையன்று கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நானும் செய்வதுதான். பொட்டு வைத்த ஈரத்தோடு மறுநாள் மதியம் வரை விட்டால் அலகில் நிரந்தரமாக ஒரு பொட்டு விழும். என்னிடம் அப்படி ஒரு கத்தி இருக்கிறது.

கூர் தீட்டுவதில் ஒரே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். தெருவில் சக்கரம் ஓட்டி வரும் சாணைக்காரர் வீட்டு அரிவாள்மனைக்குப் போதுமானவர். மெல்லிய மடக்குக் கத்தியை அவரிடம் கொடுக்காதீர்கள். உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும்; எஃகில் வைக்கோல் நிறம் தெரிந்தால் அது ஏறத்தாழ 220 பாகை செல்சியசைத் தொட்டிருக்கிறது, நீலம் தெரிந்தால் 300ஐ நெருங்கியிருக்கிறது. நீலம் ஓடிய இடத்தில் பதம் போய்விட்டது. எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. சந்தையில் பழைய கத்தி வாங்கும்போதும் விளிம்போரம் நீலக்கோடு ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இரும்புக்கடையில் கிடைக்கும் இருமுகக் கார்போரண்டம் கல்லே போதும்; தண்ணீர் விட்டு, அலகின் முதுகைக் கல்லிலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உயர்த்திப் பிடித்தால் இந்த அகலத்துக் கத்திக்குச் சுமார் 20 பாகைச் சாய்வு கிடைக்கும். கோணம் ஒன்றிரண்டு பாகை முன்பின் ஆவதால் குடிமுழுகாது. கை ஆடாமல் ஒரே கோணத்தில் போவதுதான் முக்கியம்.

இனி சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டின் விதிகளில், கூர்மையான ஆயுதங்கள் என்ற வகையில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் குறிப்பிடப்பட்டுள்ளன. வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்டவை அதிலும் விலக்கு. எண் 8 ஒப்பினெல்லின் அலகு 8.5 சென்டிமீட்டர், 9 அங்குலம் என்பது ஏறத்தாழ 22.9 சென்டிமீட்டர். இதுவரை உறுதி. இணையத்தில் பலர் மேற்கோள் காட்டும் 7.62 சென்டிமீட்டர் வரம்பு, அதே சட்டத்தின் 4ஆம் பிரிவைக் கொண்டு தில்லி நிர்வாகம் 1980இல் வெளியிட்ட அறிவிக்கை. விசையை அமுக்கினால் திறக்கும் பொத்தான் கத்தி போன்றவற்றுக்காகத் தில்லிக்கு மட்டும் போட்டது. அதை நாடு முழுவதற்குமான சட்டம் என்று சொல்வது தவறு; மற்ற இடங்களுக்கு அப்படி அறிவிக்கை வெளியிடும் அதிகாரமே கிடையாது என்று நினைத்துக்கொள்வதும் தவறு. நீங்கள் தினமும் ஒரு மாநிலத்திலிருந்து ஓர் ஒன்றியப் பகுதிக்குள் நுழைகிறீர்கள், இரண்டுக்கும் அரசு வேறு, உத்தரவும் வேறாகலாம். ஆகவே இரு பக்கமும் நடப்பில் உள்ளதை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பொத்தான் கத்தியை எங்கேயும் வாங்காதீர்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவில், அதாவது பழைய 144இல், தடையுத்தரவு இருக்கும் நாட்களிலும், தேர்தல், தேர்த்திருவிழா, நீதிமன்றம், விமான நிலையம் ஆகியவற்றுக்குப் போகும்போதும் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.

எழுதப்படாத சட்டம் ஒன்றும் உண்டு. நம் செய்தித்தாளில் ‘கத்தியுடன் சுற்றித் திரிந்தவர் கைது’ என்ற வரி வாரம் தவறாமல் வருகிறது. அந்தச் சொல்லுக்கு ஊரில் ஏறிவிட்ட பொருள் அதுதான். ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் பாட்டில் தேடி உங்கள் பையைத் துழாவும் காவலர் கேட்டால், ‘பழம் நறுக்கும் பேனாக்கத்தி, எங்கள் தாத்தாவுடையது’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். மடக்கிய நிலையிலேயே கொடுங்கள். ‘ஒரு பாதுகாப்புக்காக’ என்று வாய்தவறியும் சொல்ல வேண்டாம். அந்த நோக்கம் உள்ளவர் இவ்வகைக் கத்தியை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. பூட்டில்லாத அலகு குத்தினால் மடங்கி முதலில் வெட்டுவது பிடித்திருப்பவரின் விரலைத்தான். அலுவலகத்தில் மற்றவர் முன்னால் ‘டக்’கென்று திறந்து காட்டுவது, பேருந்தில் நகம் சீவுவது ஆகியவற்றையும் தவிர்க்கலாம். சட்டைப்பை குனிந்தால் கொட்டிவிடும், கால்சட்டைப் பையில் சில்லறையோடு கிடந்தால் பிடி கீறும். வேட்டி கட்டுபவருக்கு மடியைவிட நல்ல இடம் இல்லை, ஆனால் வியர்வை உப்பு ஏறுவதும் அங்கேதான் என்பதால் இரவில் துடைப்பது கட்டாயம்.

சேர்ப்பதைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலையில் பரப்பும் சந்தையில் துணிக்கும் செருப்புக்கும் நடுவே பழைய இரும்புச் சாமான் விரித்திருப்பவர்களிடம் பொறுமையாகக் கிளறுங்கள். தேனீ பொறித்த, வளைந்த பிடியுள்ள கத்தியைக் காட்டி ‘அசல் லகியோல்’ என்பார்கள். லகியோல் என்பது பிரான்சின் அவேரோன் பகுதியில் உள்ள ஓர் ஊர். அதன் பெயரை வெகுகாலமாக யார் வேண்டுமானாலும் எந்த நாட்டுக் கத்தியிலும் பொறித்திருக்கிறார்கள், பிரான்சுக்குள்ளேயே பெரும்பகுதி தியேர் நகரில் உருவானது. ஆகையால் பெயரும் தேனீயும் எதற்கும் சான்றாகாது. அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், மூடும்போது பிடியின் முதுகிலுள்ள எஃகு வில் கணீரென்று இழுக்கிறதா என்று கேளுங்கள், முதுகில் வில்லும் பிடித்தகடும் ஒரே சமமாக இருக்கின்றனவா என்று விரலால் தடவுங்கள். கை சொல்வது முத்திரை சொல்வதைவிட நம்பகமானது. தியேரிலேயே 1929 முதல் செய்யப்படும் டூக்-டூக் என்ற, மடித்த தகட்டுப் பிடியில் மெலனேசியத் தெய்வ உருவம் பொறித்த கத்தி பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் போனது. மலிவாகச் செய்யப்பட்டது, ஆனால் செய்நேர்த்தி குறையாதது. கடலூர்ப் பக்கத்துப் பழைய கணக்கர் வீடுகளில் ஷெஃபீல்டு பேனாக்கத்திகள் கிடைக்கும். நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. அதைப் போலிசெய்தவர்களும் ஏராளம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் தேடச் சொல்வது மடக்கெழுத்தாணியை. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்பவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்றாம் வகை அது: ஒரு பிடிக்குள் எழுத்தாணி மடங்கிக்கொள்ளும், பெரும்பாலும் ஓலை வாருவதற்கான சிறு கத்தியும் அதே பிடியில் சேர்ந்திருக்கும். மடியில் செருகிக்கொண்டு போகும் மடக்குக் கருவி என்ற எண்ணம் நமக்குக் கப்பலில் வந்ததல்ல என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பழைய ஏட்டுக்கட்டு இருந்த வீடுகளில் இன்றும் துருப்பிடித்த ஆணி என்ற பெயரில் கிடக்கிறது. ஆனால் அதன் பிடி தந்தமாகவும் இருக்கலாம். பெட்டகத்திலிருந்து யாராவது தந்தப் பிடியோ மான்கொம்புப் பிடியோ எடுத்துவந்து விலை சொன்னால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அவற்றை வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் காரியம், பழையது என்ற சமாதானம் எடுபடாது. எருமைக்கொம்பு என்றால் அந்தக் கவலை இல்லை. செல்லுலாய்டு பிடியுள்ளவற்றைத் தனி டப்பாவில் வைக்க வேண்டும். அது சிதையும்போது வெளிவிடும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரிக்கும், எளிதில் தீயும் பிடிக்கும்.

தினசரிப் பாட்டுக்கு இன்றைய எண் 7 ஒப்பினெல் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சணல் கயிறு, அட்டைப்பெட்டி எல்லாம் அதன் தலையில். தாத்தாவுடையதை வாரம் ஒருமுறையாவது கொய்யாவோ பலாச்சுளையோ நறுக்க எடுங்கள், கழுவித் துடைத்து வையுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பிடியின் ஒரு பக்கத்தில் ஊசியால் கீறியதுபோல் இரண்டு எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுவிட வேண்டாம். எண்ணெய் தடவுவதற்கு முன் அந்தப் பக்கத்தையும் பூணையும் காலை வெளிச்சத்தில் சாய்வாகப் படமெடுத்து இங்கேயே இடுங்கள்.